சாம்பார் சல்யூட்

ஜூன் 7, புதன்

காலையிலேயே சாரல். பால் அரை லிட்டர். முழங்கால் தைலம் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

கைலாசம் சென்னையிலிருந்து பேசினான். என் மனைவி உலகம்மாளின் தம்பி மகன். ஏழு வருடம் உதவி இயக்குநராக அலைந்து இப்போதுதான் முதல் படம் எடுத்திருக்கிறான். பெயர் ‘பந்திக்கு வந்த போலீஸ்’. நாளை மறுநாள் ரிலீஸ். போஸ்டரில் கைலாஷ் என்று போட்டிருக்கிறான். வயிற்றைக் குறைக்க முடியாதவன் பெயரைக் குறைத்துக்கொண்டான்.

“மாமா, ஒரு உதவி. எனக்கு வேண்டியவங்க யாரக் கேட்டாலும் சூப்பருங்காங்க. நம்ப முடியல. நீங்க தென்காசி தியேட்டர்ல ஆளோட ஆளா உக்காந்து, ஜனங்க என்ன பேசுதாங்கன்னு அப்படியே எழுதி அனுப்புங்க. எங்க சிரிக்காங்க, எங்க எந்திரிச்சு வெளிய போறாங்கன்னு எல்லாம். அத வச்சுத்தான் அடுத்த வாரம் வெட்டணும்.”

இந்த வேலைக்கு என்னை விட்டால் ஆள் இல்லை. முப்பத்து மூன்று வருடப் போலீஸ் உத்தியோகத்தில் பாதிக்கு மேல் தனிப்பிரிவு. மஃப்டியில் டீக்கடையிலும் கூட்டத்திலும் உட்கார்ந்து, மக்கள் பேசுவதை எழுதி மேலே அனுப்புவதே வேலை. அதில் ஒரே விதிதான் உண்டு. கேட்டது கேட்டபடி எழுது, உன் கருத்தைச் சேர்க்காதே.

படத்தின் கதையும் என்னுடையதுதான். வீட்டு விசேஷங்களில் நான் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்தது. தொண்ணூற்றாறில், கோயில் குத்துவிளக்குகளைத் திருடும் ஒருவன் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வரப்போகிறான் என்று தகவல் வந்தது. நானும் கான்ஸ்டபிள் சூசைமாணிக்கமும் சமையல் ஆட்களோடு மாறுவேடத்தில் சேர்ந்தோம். பனியன், தலையில் துண்டு, கையில் கரண்டி. திருடன் முதல் பந்தியில் வந்து உட்கார்ந்தும்விட்டான். அந்த நேரம் பார்த்து எங்கள் இன்ஸ்பெக்டர் பட்டு வேட்டி கட்டி, விருந்தாளி வேடத்தில் உள்ளே நுழைந்தார். அவரைக் கண்டதும் சூசை விறைத்து நின்று, கையிலிருந்த சாம்பார்க் கரண்டியோடு சல்யூட் அடித்துவிட்டான். சாம்பார் மணிக்கட்டு வழியாக ஓடியது போக, மிச்சம் முழுக்க இன்ஸ்பெக்டரின் மூக்குக் கண்ணாடியில். திருடன் இலையைக்கூட மடக்காமல் ஓடிவிட்டான்.

சூசைக்கு மெமோ வந்தது, ராமநாதபுரத்துக் கடலோரத்துக்கு மாறுதல் வந்தது, ‘சாம்பார்’ என்று பட்டப்பெயரும் வந்தது. நான் அறிக்கை எழுதியவன். என் பங்கு அவ்வளவுதான்.

ஜூன் 9, வெள்ளி

முதல் காட்சி. குரங்குக் குல்லா, முகக்கவசம், மச்சினன் கொடுத்த பூப்போட்ட சட்டை. கவுண்டரில் கையை நீட்டியதும், “வாங்க ஏட்டையா, பால்கனியா?” என்றான். ஏட்டுக்கு மேலே எஸ்.எஸ்.ஐ. ஆகித்தான் ஓய்வு பெற்றேன். ஊருக்கு என்றைக்கும் ஏட்டையாதான்.

ஆட்கள் நூற்று நாற்பது. முதல் பாதியில் பெரிய சிரிப்பு ஒன்பது, சில்லறைச் சிரிப்பு முப்பதுக்கு மேல். இடைவேளையில் கழிப்பறை வரிசையிலும் முறுக்குக் கடையிலும் கேட்டவை:

“வயர்லெஸ மாவு டின்னுக்குள்ள ஒளிச்சு வைக்கான், அது கரகரன்னு பேசுது, பொண்ணோட அத்தை பேய்னு நெனச்சு வேப்பிலையத் தூக்கிட்டு வாரா. எனக்குப் புரையேறிட்டுடே.” (ஆட்டோ ஓட்டுபவர்.)

“இருட்டுல அப்பளத்து மேல நடக்குறது நல்லாத்தான் இருக்கு. அதுக்காக எவ்வளவு நேரம் நடப்பான்? கல்யாணத்துக்கு அப்பளம் மிஞ்சாண்டாமா?”

“போலீஸ எல்லாரையும் கோமாளியா காட்டிட்டான். ஸ்டேஷன்ல போய் ஒரு புகார் குடுத்துப் பாக்கச் சொல்லு. கோமாளி யாருன்னு அப்பத் தெரியும்.” இவரை எங்கோ பார்த்திருக்கிறேன். அவரும் என்னைப் பார்த்திருக்கலாம், நகர்ந்துகொண்டேன்.

இரண்டாம் பாதியில் பனிமலைப் பாட்டுக்கு எழுந்து போனவர்கள் முப்பத்தேழு பேர். திரும்பி வந்தவர்கள் முப்பத்தைந்து. பிறகு அந்தச் சல்யூட் காட்சி. படத்தில் அந்தப் போலீஸ்காரன் பெயர் சவரிமுத்து. கரண்டி மேலே போனதும் கொட்டகையே எழுந்துவிட்டது. ஒருவர் துண்டைத் தூக்கி வீசினார். பக்கத்து இருக்கைப் பெண் என் தொடையில் அடித்துச் சிரித்தாள், தன் புருஷன் என்று நினைத்து. மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. பணியில் இருந்தேன்.

வலது மணிக்கட்டில் பழைய தழும்பு அரிக்கிறது. சாரல் காலத்தில் அப்படித்தான். வெந்நீர் பட்டது.

ஜூன் 10, சனி

மதியக் காட்சி. ஆட்கள் இருநூற்றுப் பத்து.

“லாஜிக் பாக்காதவங்களுக்குப் படம். நான் பாப்பேன், அதனால எனக்கு இல்ல.” (பேங்க் ஊழியர் மாதிரி இருந்தார்.)

“பிள்ளையளக் கூட்டிட்டு வரலாம். அசிங்கமா ஒண்ணும் இல்ல. வில்லன் விக்கு பாயசத்துல விழுந்ததுதான் கொஞ்சம் கொமட்டிட்டு.”

வெளியே வரும்போது மூன்று கல்லூரிப் பெண்கள். இரண்டு பேர் சல்யூட் அடித்துக் காட்டிக்கொண்டே வந்தார்கள். மூன்றாமவள் மட்டும் சொன்னாள்: “எல்லாரும் அவனப் பாத்துச் சிரிச்சாச்சு. அதுக்கப்புறம் அந்தச் சவரிமுத்து என்ன ஆனான்னு படத்துல காட்டவே இல்ல, கவனிச்சியளா? அடுத்த சீன்ல எல்லாரும் டான்ஸ் ஆடுதாங்க. அவன் இல்ல.”

இதையும் எழுதியிருக்கிறேன். கேட்டது கேட்டபடி.

ஜூன் 11, ஞாயிறு

உலகம்மாளைக் கூட்டிப் போனேன். மருமகன் படம் என்று பட்டுச்சேலை கட்டிக்கொண்டாள். டைட்டிலில் ‘கதைக்கரு: என் மாமா பிரமநாயகம்’ என்று வந்ததும் என் கையைப் பிடித்து அமுக்கினாள். அப்பளக் காட்சியில் கண்ணீர் வரச் சிரித்தாள்.

சல்யூட் காட்சியில் கைலாசம் சவரிமுத்துவின் கையை அருகில் காட்டியிருக்கிறான். கரண்டியிலிருந்து சாம்பார் வழிந்து, மணிக்கட்டுக்கு வந்து, அவன் ‘ஸ்ஸ்’ என்று பல்லைக் கடிக்கிறான். கொட்டகை முழுக்கச் சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை. படத்தையும் பார்க்கவில்லை. கை வைக்கிற கட்டையில் இருந்த என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டோவில் வரும்போது ஒன்று கேட்டாள். “அன்னைக்குக் கட்டோட வந்திய. என்னன்னு கேட்டதுக்குத் திருடனப் பிடிக்கையில வெந்நீர் அண்டா கவுந்துட்டுன்னு சொன்னிய. இல்ல?”

ஆமாம் என்றேன். தைலம் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 12, திங்கள்

இட்லிக்குச் சாம்பார். மதியம் சோற்றுக்கும் சாம்பார்.

ஜூன் 13, செவ்வாய்

சாம்பார். புளிக்குழம்பு கேட்டேன். இன்னும் ஒரு கரண்டி சாம்பார் ஊற்றினாள்.

ஜூன் 14, புதன்

அறிக்கையை எழுதி அனுப்பினேன். ஒன்பது பக்கம். பனிமலைப் பாட்டு முழுக்க வெட்டலாம். அப்பளத்தில் பாதி வெட்டலாம். கடைசியில் சண்டை நீளம்.

எட்டாம் பக்கத்தில் ஒரு வரி: ‘சல்யூட் காட்சிக்கு வரவேற்பு இல்லை. பெண்கள் முகம் சுளிக்கிறார்கள். வெட்டிவிடலாம்.’

இன்றும் சாம்பார். முருங்கைக்காய்.

ஜூன் 15, வியாழன்

கைலாசம் பேசினான். “மாமா, மத்ததெல்லாம் கரெக்டு. பாட்டத் தூக்கிட்டேன். ஆனா சல்யூட் சீனுக்கு வரவேற்பு இல்லன்னு எழுதிருக்கிய. நாகர்கோயில்லருந்து சென்னை வரைக்கும் அந்த ஒரு சீனுக்குத்தான் விசிலடிக்காங்க. நீங்க இருந்த தியேட்டர்ல என்னதான் ஆச்சு?”

காது முன்போல் கேட்பதில்லை என்று சொன்னேன். “சரி மாமா, ஒடம்பப் பாத்துக்கிடுங்க” என்றான்.

என் காதுக்கு ஒன்றும் இல்லை. இது நான் எழுதிய இரண்டாவது பொய் அறிக்கை. எழுதிவிட்டேன், இந்த வரியை இனி கோடு போட்டு அடிக்கப் போவதில்லை.

ஜூன் 18, ஞாயிறு

வெட்டிய பிறகு படம் பிய்த்துக்கொண்டு போகிறது. நம் தியேட்டரில் ஹவுஸ்புல் போர்டு. அதைத் தேடி எடுத்துத் தூசி தட்டுவதற்கே அரைமணி ஆனதாம்.

டிவியில் கைலாசத்தின் பேட்டி. “இது உண்மையில் நடந்த கதை. அந்தச் சாம்பார் சல்யூட் அடிச்சவர் இன்னமும் எங்க ஊர்ல இருக்கார். அவர மேடைல ஏத்தி, வெள்ளிக் கரண்டி குடுத்து கௌரவிக்கப் போறோம்” என்றான். பேட்டி எடுத்த பெண் குலுங்கிச் சிரித்தாள்.

ஜூலை இரண்டாம் தேதி, நம் தியேட்டரில், இருபத்தைந்தாவது நாள் விழா. கணக்குப்படி அன்று இருபத்து நான்காவது நாள். ஞாயிற்றுக்கிழமை கிடைக்கிறது என்று ஒரு நாளை விழுங்கிவிட்டார்கள். சூசையை அழைக்கிற பொறுப்பு என்னுடையதாம்.

சூசை மேலகரத்தில்தான் இருக்கிறான். இங்கிருந்து இரண்டு மைல்கூட இல்லை. எட்டு வருடம் கடலோரத்தில் இருந்துவிட்டு வந்தான். பென்ஷன் ஆபீசில் பார்த்தால் தலையசைப்பான். நானும் அசைப்பேன்.

ஜூன் 20, செவ்வாய்

அறிக்கை வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் மதியக் காட்சிக்குப் போனேன். வீட்டில் இருந்தால் சாம்பார் வாசனை.

விளக்கு அணையும் முன் எனக்கு இரண்டு வரிசை முன்னால் மூன்று பேர் வந்து உட்கார்ந்தார்கள். சூசைமாணிக்கம், அவன் மகள் ஜெசிந்தா, அவளுடைய ஆறேழு வயதுப் பெண். முகக்கவசத்தை மூக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டேன்.

சல்யூட் காட்சி வந்தது. கொட்டகை அதிர்ந்தது. சிரிப்பு அடங்கும்போது அந்தக் குழந்தை குரல் கணீரென்று கேட்டது. “தாத்தா, இது நீங்கதானே? டிவில சொன்னாங்கள்ல?”

“ஆமாட்டி” என்றான்.

ஜெசிந்தா குனிந்து சிரிப்பை அடக்கினாள். அவன் தோளில் கை போட்டு, “விடுங்கப்பா, பழைய கதைதானே” என்றாள்.

முடிந்து வெளியே வரும்போது எவரோ அவனை அடையாளம் கண்டு, படம் எப்படி என்று கேட்டார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். சூசை சொன்னது, கேட்டது கேட்டபடி:

“படம் நல்லாருக்கு. சிரிப்பாணியா இருக்கு. சல்யூட்தான் சரியில்ல. படத்துல அடிச்ச உடனே கைய இறக்கிடுதான். நெசத்துல கை இறங்கவே இல்ல. சாம்பார் வழியுது, கை வேகுது, அப்பவும் நெத்தியிலேயே நிக்கி. நான்தான் பிடிச்சு இறக்கினேன்.”

கேட்டவர் புரியாமல் சிரித்தார். சூசையும் சிரித்துவிட்டுக் குழந்தைக்குப் பஞ்சுமிட்டாய் வாங்கப் போனான்.

எழுதிவிடுகிறேன். சல்யூட் அடித்தது நான். என் தலையில் துண்டு, அவன் தலையில் துண்டு. இன்ஸ்பெக்டர் கண்ணாடியில் சாம்பார். அவருக்கு யாரென்று தெரியவில்லை, யாரடா அது என்று கத்தினார். எனக்குத் தென்காசி மாறுதல் உத்தரவு டைப் ஆகிக்கொண்டிருந்த வாரம் அது. உலகம்மாள் இங்கே பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். அறிக்கை எழுத வேண்டியவன் நான். பயந்துபோய் அவன் பெயரை எழுதினேன். பயம்தான், வேறு காரணம் எதுவும் இல்லை.

ஜூன் 21, புதன்

எழுதி முடித்தால் பாரம் குறையும் என்பார்கள். குறையவில்லை. தைலம் வாங்கினேன்.

ஜூன் 25, ஞாயிறு

சர்ச்சில் காலைப் பூசை முடிந்து சூசை வீட்டார் திரும்பும் நேரம் பார்த்து மேலகரம் போனேன். ஜெசிந்தா மகளோடு பாட்டு வகுப்புக்குப் போயிருந்தாள். சூசை வாசலில் வெள்ளைச் சட்டையோடு நின்று துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் குவளையைக் கீழே வைத்துவிட்டு விறைப்பாக நின்றான். பழைய பழக்கம்.

“வாங்க ஏட்டையா. விழாவுக்குக் கூப்பிட வந்திருக்கிய. பேட்டி பாத்தேன்.”

டீ போட்டுக் கொண்டுவந்தான். சுவரில் அவன் மனைவி ரோஸ்மேரியின் படம், மாலையோடு. இறந்து மூன்று வருடம் ஆகிறது. நான் அடக்கத்துக்கு வந்து பின்வரிசையில் நின்றுவிட்டுப் போனவன்.

டீயைக் குடிக்காமல் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. “சூசை, நான் செஞ்சது பெரிய தப்பு. என்ன மன்னிச்சிரு.”

அவன் கொஞ்ச நேரம் டீயை ஆற்றினான்.

“எனக்குத் தெரியாத சேதியா ஏட்டையா? பக்கத்துல சோத்துக் கூடையோட நின்னவன் நான். விசாரணையில சொன்னேன், யாரும் கேக்கல. ஸ்டேஷன்ல சொன்னேன், சிரிச்சாங்க. மறுக்க மறுக்கச் சிரிப்பு கூடிச்சு. ஆமா நான்தான்னு ஒரு நாள் ஒத்துக்கிட்டேன். அன்னைக்கோட பாதி சிரிப்பு நின்னு போச்சு.”

பிறகு சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “இவகிட்ட மட்டும் கடைசி வரைக்கும் ஒத்துக்கிடல. நான் அடிக்கல ரோசுன்னு சொல்லுவேன். அவ என்ன சொல்லுவா தெரியுமா? ‘சரி விடுங்க, யாருக்குத்தான் தப்பு வராது’ம்பா. பாசமாத்தான் சொல்லுவா. நம்பல. நம்பாமத்தான் போனா.”

 அழுதேன். அறுபத்தாறு வயதில் ஒரு துண்டு நனைய அழுதேன். அவன் தடுக்கவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. ஆறிப்போன டீயை எடுத்துப்போய்ச் சூடு பண்ணிக்கொண்டு வந்தான்.

“விழாவுக்கு வாரேன்” என்றான். “ஆனா இங்க வீட்டுக்குள்ள வச்சு எங்கிட்டச் சொல்லுறதுல என்ன இருக்கு? அன்னைக்கும் நாலு சுவத்துக்குள்ளதான் எழுதுனிய. சபையில வச்சுச் சிரிச்சாங்க ஏட்டையா. சபையில சொல்லுங்க. எம்மக இருப்பா.”

ஜூன் 28, புதன்

மூன்று நாள் யோசித்து, காய் நறுக்கிக்கொண்டிருந்த உலகம்மாளிடம் சொன்னேன். கத்தரிக்காயை நறுக்கி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“அந்த மாறுதல் வராட்டா நான் என்ன செத்தா போயிருப்பேன்? எங்கம்மா கூட இருந்தா. அவ புருஷன கடலோரத்துக்கு அனுப்பிட்டு, பிள்ளைத்தாச்சியா தனியா கெடந்தாளே, ரோஸ்மேரி.”

எனக்கு அது தெரியாது. ஜெசிந்தா அப்போது வயிற்றில் இருந்திருக்கிறாள். பதினேழு வருடம் ஊரார் சங்கதி எல்லாம் எழுதி அனுப்பிய எனக்கு, இது தெரியாது.

“கைலாசத்துக்குக் கோவம் வரும்” என்றேன்.

“வரட்டும். நம்ம பேரையும்லா படத்துல போட்டிருக்கான்.”

மதியம் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. பதினேழு நாளைக்குப் பிறகு.

ஜூலை 2, ஞாயிறு

மதியக் காட்சிக்கு முன்னால் விழா. தியேட்டர் நிரம்பி வழிந்தது. திரைக்கு முன்னால் மேடை, ரோஜா மாலை, தட்டில் வெள்ளிக் கரண்டி. சூசை முதல் வரிசையில், பக்கத்தில் ஜெசிந்தாவும் குழந்தையும். சிறப்பு விருந்தினராக ஒரு டி.எஸ்.பி. வருவதாக ஏற்பாடு. வழக்கம்போலத் தாமதம். நேரத்தை ஓட்ட, யூடியூப் சேனல் பெண் ஒருத்தி மைக்கோடு இறங்கி, “படம் எப்படி இருக்கு? படம் எப்படி இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

“பாட்டில்லாம இருந்திருந்தா இன்னும் நல்லாருக்கும்.” “பாட்டத்தான் தூக்கிட்டாங்களே!” “அப்படியா? நல்லாத்தான் இருக்கு.”

மைக் என்னிடம் வந்தது. எழுந்து நின்றேன். 

“படத்துல ஒரு பிழை இருக்கு” என்றேன். “சல்யூட் அடிச்சது சூசைமாணிக்கம் இல்ல. நான்தான் அடிச்சேன். அவர் பேர நான் பொய்யா எழுதுனேன். அவர் அடிக்கவே இல்ல.”

சிரித்தார்கள். விழுந்து விழுந்து சிரித்தார்கள். கைலாசம் மேடையில் கைதட்டி, “எங்க மாமா, எப்பவும் இப்படித்தான், செம தமாஷ்!” என்றான். சட்டைக் கையை மடித்துத் தழும்பைக் காட்டினேன். அதற்கும் சிரிப்பு. மைக் பெண் கேமராவைப் பார்த்து, “ஐயா சூப்பரா நடிக்கிறாங்க” என்றாள். உண்மையைச் சொன்னால் நம்பமாட்டார்கள் என்பதை நான் எதிர்பார்க்கவே இல்லை. இருபத்தேழு வருடம் சூசைக்கு இப்படித்தான் இருந்திருக்கும். ஜெசிந்தாகூடப் புன்னகைத்துக்கொண்டிருந்தாள், மரியாதைக்காக.

அப்போது பக்கவாட்டுக் கதவு திறந்தது. யூனிபாரமும் தொப்பியுமாக டி.எஸ்.பி. உள்ளே வந்தார். எனக்கு நேர் எதிரே, ஆறடி தூரத்தில்.

நான் ஒன்றும் நினைக்கவில்லை. குதிகால் தானாகச் சேர்ந்தது. கை தானாக மேலே போனது. கையில் மைக் இருந்தது. அது என் நெற்றியில் மோதி, எட்டு ஸ்பீக்கரிலும் ‘டொம்’ என்று ஒரு சத்தம். கூடவே மைக் ‘கீ’ என்று அலறியது. டி.எஸ்.பி. ஒரு அடி பின்னால் தாவி, மாலையும் தட்டுமாக வரவேற்க நின்ற ஆள்மேல் இடித்து, மாலை, தட்டு, வெள்ளிக் கரண்டி எல்லாம் உருண்டு போயின.

 பிறகு சிரிப்பு வரவில்லை. ‘ஓ’ என்று ஒரு சத்தம்தான் வந்தது, புரிந்துகொண்ட சத்தம். என் கை இன்னும் நெற்றியிலேயே இருந்தது. இறக்க நினைத்தும் இறங்கவில்லை.

முதல் வரிசையிலிருந்து சூசை எழுந்து வந்தான். என் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக இறக்கினான். மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது. அதனால் அவன் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

“அன்னைக்கும் இப்படித்தான்.”

அதற்குப் பிறகுதான் சிரிப்பு வந்தது. கூரைத் தூசி விழுகிற சிரிப்பு. நானும் சிரித்தேன், நெற்றி வீங்கிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா மட்டும் சிரிக்கவில்லை. வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு தன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “அம்மாகிட்ட நீங்க சொல்லும்போதெல்லாம் நானும் அங்கதானப்பா இருந்தேன்” என்றாள். 

வெள்ளிக் கரண்டியை யாருக்குக் கொடுப்பது என்று குழப்பம் வந்தது. டி.எஸ்.பி.யே குனிந்து எடுத்து, துடைத்து, சூசையிடம் கொடுத்தார். அவருக்கு விவரம் எதுவும் தெரியாது.

ஜூலை 4, செவ்வாய்

நெற்றியில் புடைப்பு. உலகம்மாள் மஞ்சள் பற்றுப் போட்டாள்.

யூடியூபில் அந்த வீடியோவை மூன்று லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். பேரன் போனில் கருத்துகளை வாசித்துக் காட்டினான். ‘படத்தைவிட இந்தப் பெரியவர் காமெடி நல்லா இருக்கு.’ ‘எல்லாம் ஸ்கிரிப்ட், விளம்பரத்துக்காக.’ ‘இவ்வளவு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டு இப்ப என்ன?’ இது நியாயமான கருத்து.

இன்னொன்று, ஜெசிந்தா என்ற பெயரில்: ‘அவர் சொல்வது உண்மை. என் அப்பா சல்யூட் அடிக்கவில்லை.’

அதை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன்.

கைலாசம் இரண்டு நாளாகப் பேசவில்லை. இன்று சாயங்காலம் பேசினான். டைட்டிலில் என் பெயரை எடுக்கச் சொல்லியிருந்தேன். எடுக்கமாட்டானாம். படம் முடிந்ததும் கடைசியில் ஒரு வரி சேர்க்கிறானாம், சவரிமுத்து சல்யூட் அடிக்கவில்லை என்று. “ஜனங்க சிரிப்பாங்க மாமா” என்றான். சிரிக்கட்டும்.

ஜூலை 9, ஞாயிறு

சாரல் விட்டுவிட்டது. சூசை காலையில் வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்று, “ஏட்டையா, ஒரு எட்டு நடப்போமா?” என்றான். உலகம்மாள் இட்லி சாப்பிடாமல் விடவில்லை. தொட்டுக்கொள்ளச் சட்னி மட்டும்தான் வைத்தாள்.

கோயில் வாசல் வழியாக நடந்தோம். அதிகம் பேசவில்லை. பென்ஷன், சர்க்கரை, பேத்தியின் பாட்டு வகுப்பு. ரதவீதி முனையில் திரும்பும்போது பின்னாலிருந்து ஒரு குரல். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து.

“ஏ சாம்பார்! சாம்பார் ஐயா!”

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். ஆட்டோக்காரன் நெற்றியில் கை வைத்து, ‘டொம்’ என்று வாயால் சத்தம் கொடுத்துச் சிரித்தான்.

சூசை அவனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு, என்னைத் தெரிந்த நாளிலிருந்து முதல் தடவையாக, ஏட்டையாவை விட்டுவிட்டு ‘வே’ போட்டுச் சொன்னான்.

“உம்மத்தான்வே கூப்பிடுதான். என்னன்னு கேட்டுட்டு வாரும்.”

சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.